பிஎச்பியில் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்: இனிட் முதல் க்ளோஸ் வரை முழுமையான வழிகாட்டி

ஒரு பதிவுப் படிவம். பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் டி'சூசா என்று எழுதி, சமர்ப்பி பொத்தானை அழுத்துகிறார். அடுத்த நொடி, வெள்ளைத் திரையில் எஸ்கியூஎல் தொடரமைப்புப் பிழை. அவர் தவறு எதுவும் செய்யவில்லை, தன் பெயரைத்தான் எழுதினார். அந்தப் பெயருக்கு நடுவில் இருந்த ஒற்றை மேற்கோள், குவெரியில் (தரவுத்தளத்துக்கு நாம் அனுப்பும் எஸ்கியூஎல் கட்டளையில்) நாம் திறந்து வைத்திருந்த மேற்கோளை மூடிவிட்டது. மிச்சமிருந்த 'சூசா' என்ன கட்டளை என்று மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்குப் புரியவில்லை.

எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் நுழைவதும் இதே ஓட்டை வழியாகத்தான். டி'சூசா அறியாமல் மேற்கோளை மூடினார். கெட்ட எண்ணத்தோடு வருகிறவர் தெரிந்தே மூடுவார், அதற்குப் பின்னால் தனக்கு வேண்டிய கட்டளையை எழுதுவார். கடவுச்சொல் கட்டத்தில் ' ஆர் '1'='1 என்று எழுதினால், எப்போதும் உண்மையாகிற ஒரு நிபந்தனை குவெரிக்குள் சேர்ந்துவிடுகிறது. கடவுச்சொல்லை நேராகக் குவெரிக்குள் ஒட்டிச் சரிபார்க்கும் பக்கத்தில் அதன் பிறகு கடவுச்சொல்லே தேவையில்லை.

ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் இந்த இரண்டு சிக்கலையும் ஒரே வழியில் தீர்க்கிறது. மேற்கோள்களைச் சுத்தம் செய்வது அதன் வேலை இல்லை. கட்டளையை முதலில் அனுப்பி, அதன் பொருளை முடிவு செய்துவிட்டு, மதிப்புகளைப் பிறகு தனியாக அனுப்புகிறது. பொருள் முடிவான பிறகு வருகிற எதுவும் கட்டளையாக மாற முடியாது. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனிட், ப்ரிப்பேர், பைண்ட், எக்ஸிக்யூட் என்ற படிகளில் எங்கே தடுமாறினாலும், "கட்டளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

தொடங்குமுன் ஒரு விஷயம். கீழே உள்ள நிரல் வரிகளில் பிஎச்பி, எஸ்கியூஎல் சொற்களை ஒலிபெயர்த்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் எடிட்டரில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். $இணைப்பு, $மின்னஞ்சல் போன்ற மாறிகளை மாற்றத் தேவையில்லை. மாறிப் பெயரில் தமிழ் எழுத்தை பிஎச்பி ஏற்றுக்கொள்ளும். மைஎஸ்கியூஎல்லும் அட்டவணை, புலப் பெயர்களில் தமிழை ஏற்கும்.

முதலில் இணைப்பைச் சரிசெய்யுங்கள்

பிஎச்பியில் மைஎஸ்கியூஎல்லோடு பேச இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன: மைஎஸ்கியூஎல்ஐ, பிடிஓ. மைஎஸ்கியூஎல்ஐ 2004இல் பிஎச்பி 5.0 உடன் வந்தது, பிடிஓ அடுத்த ஆண்டு 5.1 உடன் வந்தது. கடைசியில் 'ஐ' இல்லாத பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்டுவிட்டன. அவற்றில் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டும் இல்லை. பழைய பாடம் எதிலாவது அவற்றைப் பார்த்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

இங்கே மைஎஸ்கியூஎல்ஐயை விரிவாகப் பார்ப்போம். இனிட் என்ற படி தனியாகத் தெரிவது அதில்தான்.

இணைப்பைத் திறக்கும்போதே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, பிழைகள் எக்ஸெப்ஷனாக, அதாவது நிரலை அங்கேயே நிறுத்திக் காரணம் சொல்லும் பிழையாக, வரும்படி செய்வது. பிஎச்பி 8.1 முதல் இது தானாகவே நடக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால், இணைப்பைத் திறக்கும் வரிக்கு மேலே மைஎஸ்கியூஎல்ஐ_ரிப்போர்ட் ஃபங்ஷனை எரர், ஸ்ட்ரிக்ட் என்ற இரண்டு மாறிலிகளோடு அழைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தவறான குவெரி சத்தமில்லாமல் 'பொய்' என்ற மதிப்பைத் திருப்பித் தரும், பிழை நான்கு வரி தள்ளி வேறு வேடத்தில் வெடிக்கும்.

இன்னொன்று எழுத்துக் குறியீடு:

$இணைப்பு->செட்_சார்செட்('யுடிஎஃப்8எம்பி4');

தமிழ் எழுத்துகளின் ஒவ்வொரு யுனிகோடு குறியும் யுடிஎஃப்-8இல் 3 பைட் எடுக்கும், பெரும்பாலான எமோஜிக்கு 4 பைட் வேண்டும். மைஎஸ்கியூஎல் நெடுங்காலமாக யுடிஎஃப்8 என்று அழைத்த குறியீடு 3 பைட்டோடு நின்றுவிடும். அதில் தமிழ் போய்ச் சேரும், எமோஜி சேராது. இணைப்பு லத்தீன்1இல் இருந்தாலோ தமிழும் சிதைந்துதான் போய்ச் சேரும். அதனால் கடைசியில் உள்ள எம்பி4ஐ விட்டுவிடாதீர்கள்.

இனிட்: வெறும் பாத்திரம்

$கூற்று = $இணைப்பு->ஸ்டிஎம்டி_இனிட்();

இந்த வரி ஓடும்போது என்ன நடக்கிறது என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். "சர்வரில் ஒரு ஸ்டேட்மென்ட் உருவாகிறது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது சரியில்லை. இனிட் அழைப்பால் சர்வருக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. பிஎச்பி தன் பக்கத்து நினைவகத்தில் ஒரு ஸ்டேட்மென்ட் ஆப்ஜெக்டை உருவாக்கி, "இது இந்த இணைப்புக்கு உரியது" என்று குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். அடுப்பில் பாத்திரம் ஏறிவிட்டது, உள்ளே இன்னும் எதுவும் இல்லை.

அதனால் இனிட் செய்த கையோடு பைண்ட் செய்தாலோ எக்ஸிக்யூட் செய்தாலோ பிஎச்பி 8 ஒரு எரரை வீசும். ஸ்டேட்மென்ட் ஆப்ஜெக்ட் முழுமையாகத் தயாராகவில்லை என்பது அதன் சாரம். "நான்தான் இனிட் செய்தேனே" என்று குழம்ப வேண்டாம். இனிட் பாத்திரத்தை எடுத்து வைத்தது, ப்ரிப்பேர் இன்னும் நடக்கவில்லை.

இந்தப் படியில் அடிக்கடி வரும் இன்னொரு பிழை, நல் மதிப்பின் ('மதிப்பே இல்லை' என்பதைக் குறிக்கும் மதிப்பின்) மேல் ஸ்டிஎம்டி_இனிட்டை அழைத்திருப்பதாகச் சொல்லும். இதற்கும் ஸ்டேட்மென்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கோப்பின் மேலே $இணைப்பு இருக்கிறது, கீழே ஒரு ஃபங்ஷனுக்குள் அதே பெயரைப் பயன்படுத்துகிறீர்கள். பிஎச்பியில் ஃபங்ஷனுக்கு வெளியே உள்ள மாறி உள்ளே தெரியாது. இணைப்பை ஃபங்ஷனுக்கு ஒரு அளவுருவாக அனுப்புங்கள். குளோபல் என்று அறிவித்தாலும் ஓடும், ஆனால் நிரல் வளர வளர எந்த ஃபங்ஷன் எதை நம்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

இனிட்டைத் தனியாக எழுதத்தான் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். கீழே உள்ள ஒரே வரி இனிட், ப்ரிப்பேர் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடும்:

$கூற்று = $இணைப்பு->ப்ரிப்பேர்('செலக்ட் ஐடி, பெயர் ஃப்ரம் உறுப்பினர்கள் வேர் மின்னஞ்சல் = ?');

அப்படியானால் தனி இனிட் எதற்கு? பழைய பிழை முறையில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. மேலே உள்ள ஒரே வரி தோற்றால் $கூற்று என்ற மாறியில் ஆப்ஜெக்ட் இருக்காது, 'பொய்' மட்டும் இருக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த வரியில் பைண்ட்_பாராம் அழைத்தால், பூலியன் மதிப்பின் மேல் மெத்தடை அழைக்க முடியாது என்ற பிழை வரும். பிஎச்பி படிக்கும் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் பிழை அது. இனிட்டைத் தனியாகச் செய்திருந்தால் ப்ரிப்பேர் தோற்றாலும் ஆப்ஜெக்ட் கையில் இருக்கும், அதன் எரர் பண்பைப் படித்துக் காரணம் தெரிந்துகொள்ளலாம். எக்ஸெப்ஷன் முறை வந்த பிறகு இந்த நியாயம் வலுவிழந்துவிட்டது. ஒரே ஆப்ஜெக்டில் வேறொரு குவெரியை மறுபடி ப்ரிப்பேர் செய்யவும் இனிட் வடிவம் உதவும். ஆனால் முதல் ஸ்டேட்மென்ட் அத்தோடு போய்விடும், பைண்டும் புதிதாகச் செய்ய வேண்டும். வேறு குவெரிக்கு வேறு மாறி வைத்துக்கொள்வதே படிப்பவருக்கு நல்லது.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் ஒரே வரி வடிவத்தைத்தான் சொல்வேன். பழைய நிரலில் இனிட் இருந்தால் பதற வேண்டாம், அதுவும் சரிதான்.

ப்ரிப்பேர்: கட்டளைக்குப் பொருள் முடிவாகும் இடம்

சர்வர் நம் ஸ்டேட்மென்ட்டை முதல்முறையாகப் பார்ப்பது இங்கேதான். கேள்விக்குறிகளோடு கூடிய குவெரி சர்வருக்குப் போகிறது. சர்வர் அதை அலசி, அட்டவணையும் புலங்களும் இருக்கின்றனவா என்று பார்த்து, ஸ்டேட்மென்ட்டுக்கு ஒரு எண் கொடுக்கிறது. எத்தனை கேள்விக்குறி, விடையில் எத்தனை புலம் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறது. அந்த எண் அந்த ஒரு இணைப்புக்குள் மட்டும்தான் செல்லும், இன்னொரு இணைப்பிலிருந்து அதைப் பயன்படுத்த முடியாது.

கேள்விக்குறியை எங்கே வைக்கலாம் என்பதற்கு ஒரே விதிதான்: மதிப்பு வரும் இடத்தில் மட்டும். அட்டவணைப் பெயர், புலப் பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்று சொல்லும் சொல் எதற்கும் கேள்விக்குறி வைக்க முடியாது. காரணம் முன்பே சொன்னதுதான். கட்டளையின் பொருளை இப்போதே முடிவு செய்ய வேண்டும், எந்த அட்டவணை என்று தெரியாமல் சர்வர் எதை முடிவு செய்யும்?

ஆர்டர் பை விஷயத்தில் மட்டும் இன்னும் கவனம் தேவை. ஆர்டர் பை ? என்று எழுதி, 'விலை' என்ற சொல்லைப் பைண்ட் செய்தால் பிழை வராது. சர்வர் அதைப் புலமாக எடுத்துக்கொள்ளாமல், 'விலை' என்ற மாறாத ஒரு சொல்லாக எடுத்துக்கொள்ளும். எல்லாப் பதிவுகளுக்கும் அது ஒன்றுதான் என்பதால் வரிசைப்படுத்தலே நடக்காது. பிழை காட்டாத பிழை என்பதால் இதைக் கண்டுபிடிக்க நேரமாகும். இதற்குச் சரியான வழி, அனுமதித்த புலப் பெயர்களை நீங்களே ஒரு அர்ரேயில் எழுதி வைப்பது. பயனர் அனுப்பியது அதில் இருந்தால் அந்த அர்ரேயில் உள்ள பெயரைக் குவெரியில் சேருங்கள், இல்லாவிட்டால் ஒரு இயல்பான புலத்துக்குப் போங்கள். பயனர் எழுதிய எழுத்து குவெரிக்குள் நேராக நுழையவே கூடாது.

அடுத்தது, நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்த இடம். பழைய பக்கம் ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தேன். மின்னஞ்சல் = '$மின்னஞ்சல்' என்று இருந்ததில் மாறியை மட்டும் அழித்துவிட்டுக் கேள்விக்குறி வைத்தேன், இரு பக்க மேற்கோள்களும் அப்படியே நின்றுவிட்டன. மின்னஞ்சல் = '?' என்று ஆகிவிட்டது. ப்ரிப்பேர் எந்தக் குறையும் சொல்லவில்லை. பைண்ட் வரியில் போய், மாறிகளின் எண்ணிக்கையும் அளவுருக்களின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்று பிழை வந்தது. நான் பைண்ட் வரியையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு மாறி, ஒரு கேள்விக்குறி, சரியாகத்தானே இருக்கிறது? சர்வருக்கு அது கேள்விக்குறியே இல்லை, மேற்கோளுக்குள் இருந்த ஒரு சாதாரண எழுத்து. சர்வர் எண்ணியது பூஜ்யம். அன்று முதல் இந்தப் பிழை வந்தால் பைண்ட் வரியை விட்டுவிட்டு ப்ரிப்பேர் வரியில் மேற்கோள் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் எப்போதுமே வேண்டாம், சொல்லாக இருந்தாலும் தேதியாக இருந்தாலும்.

லைக் வைத்துத் தேடும்போதும் இதே சறுக்கல் வரும். லைக் '%?%' என்று எழுதக் கூடாது. குவெரியில் லைக் ? என்று மட்டும் விட்டு, மதிப்பில் சதவீதக் குறியைச் சேர்க்க வேண்டும்:

$தேடல் = '%' . $சொல் . '%';

பயனரே தன் தேடலில் % அல்லது அடிக்கோடு எழுதினால், பைண்ட் செய்திருந்தாலும் லைக் அதை எதற்கும் பொருந்தும் குறியாகத்தான் எடுத்துக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் ஆபத்து இதில் இல்லை, ஆனால் தேடல் முடிவு தவறாகும். அந்தக் குறிகளுக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு சேர்த்துவிட்டுப் பிறகு மதிப்பைக் கட்டுங்கள்.

வேர் ஐடி இன் (...) என்று எழுதும் இன் பட்டியலுக்கு எத்தனை மதிப்போ அத்தனை கேள்விக்குறி. ஒரே கேள்விக்குறிக்கு 3,7,12 என்று ஒரு சொல்லாக அனுப்பினால், மைஎஸ்கியூஎல் அதை எண்ணாக மாற்றும்போது முதலில் உள்ள 3ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரு பதிவு மட்டும் கிடைக்கும், மற்ற இரண்டு எங்கே என்று தேடுவீர்கள். அர்ரேயின் நீளத்துக்கு ஏற்பக் கேள்விக்குறிகளை உருவாக்கிக் காற்புள்ளியால் சேர்த்துக் குவெரியில் வையுங்கள். அங்கே சேர்வது நாம் எழுதிய கேள்விக்குறி மட்டும் என்பதால் ஆபத்தில்லை. அர்ரே காலியாக இருந்தால் குவெரியையே ஓட்டாதீர்கள், வெற்று அடைப்புக்குறி தொடரமைப்புப் பிழை. ஒரு ஸ்டேட்மென்ட்டில் 65,535 கேள்விக்குறிக்கு மேல் மைஎஸ்கியூஎல் ஏற்காது.

பைண்ட்: மதிப்பை அல்ல, மாறியைக் கட்டுகிறோம்

$கூற்று->பைண்ட்_பாராம்('எஸ்', $மின்னஞ்சல்);

முதலில் வருவது வகை எழுத்துகள். முழு எண்ணுக்கு ஐ, தசம எண்ணுக்கு டி, சொல்லுக்கு எஸ், படம் போன்ற பெரிய தரவுக்கு பி. மூன்று மதிப்பு என்றால் மூன்று எழுத்தும் இடைவெளி இல்லாமல் சேர்ந்து வரும்.

எதற்கு எந்த எழுத்து என்று தடுமாறினால் எஸ் போடுங்கள். பெரும்பாலான இடங்களில் சர்வர் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் சில இடங்களில் எஸ் தவிர வேறு எதையும் போடக் கூடாது. தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு போன்றவை எண் போலத் தெரிந்தாலும் எண் இல்லை. ஐ என்று கட்டினால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். பணத் தொகைக்கு டி போடத் தோன்றும். டி என்றால் மிதவைப் புள்ளி எண், அதில் 0.1 போன்ற தொகைகளைத் துல்லியமாக வைக்க முடியாது. அட்டவணையில் டெசிமல் வகைப் புலம் வைத்து, மதிப்பை எஸ் என்று அனுப்புங்கள், ஒரு காசும் நழுவாது.

பி என்ற எழுத்தைப் போட்டால் மட்டும் மதிப்பு தானாகப் போகாது. சென்ட்_லாங்_டேட்டா என்ற மெத்தடால் துண்டு துண்டாக அனுப்ப வேண்டும். சிறிய படம் என்றால் எஸ் போட்டே அனுப்பிவிடலாம்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். பைண்ட்_பாராம் மதிப்பைப் பிரதி எடுப்பதில்லை, மாறியைக் குறிப்பாகப் பிடித்து வைக்கிறது. மதிப்பு படிக்கப்படுவது எக்ஸிக்யூட் நேரத்தில்தான். இதனால் ஒரு சிரமமும் ஒரு வசதியும் உண்டு. சிரமம்: பைண்ட்_பாராமுக்கு நேராக 5 என்றோ 'ஆம்' என்றோ கொடுக்க முடியாது, பிழை வரும். மாறியில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வசதி: லூப்பில் ஒரே பைண்ட் போதும், மாறியின் மதிப்பை மாற்றிக்கொண்டே எக்ஸிக்யூட் செய்யலாம்.

நல் மதிப்பு அனுப்ப மாறியில் நல் வைத்தால் போதும், வகை எழுத்து எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் வேர் நிபந்தனையில் = ? என்று எழுதி நல் அனுப்பினால் ஒரு பதிவும் வராது. எஸ்கியூஎல்லில் நல் எதற்கும் சமம் இல்லை, இன்னொரு நல்லுக்கும் கூட. மைஎஸ்கியூஎல்லில் சமக்குறிக்குப் பதில் <=> என்ற குறியைப் போட்டால் நல்லும் பொருந்தும்.

எக்ஸிக்யூட்

$கூற்று->எக்ஸிக்யூட்();

இங்கே தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டேட்மென்ட்டின் எண்ணும் மதிப்புகளும் மட்டும் சர்வருக்குப் போகும், குவெரியின் எழுத்து மறுபடி போகாது. புதிதாகச் சேர்த்த பதிவின் ஐடி இன்சர்ட்_ஐடி பண்பிலும், எத்தனை பதிவு மாறியது என்பது அஃபெக்டட்_ரோஸ் பண்பிலும் கிடைக்கும்.

பிஎச்பி 8.1 முதல் எக்ஸிக்யூட்டுக்கே ஒரு அர்ரே கொடுக்கலாம், பைண்ட் வரியே வேண்டாம். எல்லா மதிப்பும் எஸ் வகையாகப் போகும். 8.2இல் எக்ஸிக்யூட்_குவெரி என்ற மெத்தட் வந்தது. ப்ரிப்பேர், பைண்ட், எக்ஸிக்யூட், விடை எடுத்தல் எல்லாம் அந்த ஒரே அழைப்பில் முடிந்துவிடும்:

$விடை = $இணைப்பு->எக்ஸிக்யூட்_குவெரி('செலக்ட் ஐடி, பெயர் ஃப்ரம் உறுப்பினர்கள் வேர் மின்னஞ்சல் = ?', [$மின்னஞ்சல்]);

ஒருமுறை மட்டும் ஓடும் குவெரிக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. உங்கள் சர்வரில் 8.2 இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

லூப்பில் எது உள்ளே, எது வெளியே

ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேர்க்க வேண்டும் என்றால், ப்ரிப்பேரும் பைண்டும் லூப்புக்கு வெளியே, மதிப்பு மாற்றுவதும் எக்ஸிக்யூட்டும் உள்ளே. ப்ரிப்பேரை உள்ளே வைத்தால் ஒவ்வொரு பதிவுக்கும் சர்வருக்கு ஒரு பயணம் கூடும், ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டால் கிடைக்கும் வேகம் வீணாகும்.

ஒருமுறை ஒரு இறக்குமதி நிரலைப் பார்க்கக் கொடுத்தார்கள். சிறிய கோப்புகளுக்கு நன்றாக ஓடியது, பெரிய கோப்பு வந்தால் நடுவில் நின்றது. லூப்புக்குள் ப்ரிப்பேர் இருந்தது. அதோடு, உருவான ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டும் "பிறகு தேவைப்படலாம்" என்று ஒரு அர்ரேயில் சேர்ந்துகொண்டே போனது. மைஎஸ்கியூஎல்லில் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் ஸ்டேட்மென்ட்களுக்கு உச்சவரம்பு உண்டு, இயல்பாக 16,382. சர்வர் முழுவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு, ஒரு இணைப்புக்கு மட்டும் அல்ல. அந்த நிரல் வரம்பைத் தொட்டதும், அதே சர்வரை நம்பியிருந்த மற்ற பக்கங்களும் ப்ரிப்பேர் செய்ய முடியாமல் நின்றன. ப்ரிப்பேரை இரண்டு வரி மேலே நகர்த்தினேன், அர்ரேயை நீக்கினேன். அதோடு சரியாகிவிட்டது.

லூப்பைச் சுற்றி பிகின்_டிரான்ஸாக்‌ஷன், கமிட் இரண்டையும் வையுங்கள், நடுவில் உள்ள பதிவுகள் எல்லாம் ஒரே தொகுப்பாகச் சேமிக்கப்படும். டிரான்ஸாக்‌ஷன் இல்லாவிட்டால் மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி இயல்பு அமைப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் வட்டில் எழுதி உறுதி செய்யும். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரிவது இங்கேதான். நடுவில் எக்ஸெப்ஷன் வந்தால் ரோல்பேக் செய்து, அதுவரை எழுதியதைத் திரும்பப் பெறுங்கள். பாதிக் கோப்பு ஏறி நிற்பதைவிட எதுவும் ஏறாமல் இருப்பது மேல்.

விடையை எடுப்பது

$விடை = $கூற்று->கெட்_ரிசல்ட்();
$பதிவு = $விடை->ஃபெட்ச்_அசாக்();

இதுவே போதும். பதிவு இருந்தால் புலப் பெயர்களோடு ஒரு அர்ரே கிடைக்கும், இல்லாவிட்டால் நல். பழைய நிரல்களில் பைண்ட்_ரிசல்ட் என்ற இன்னொரு வழியைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு மாறியைக் கட்டி, ஃபெட்ச் அழைக்கும்போதெல்லாம் மாறிகள் நிரம்பும். கெட்_ரிசல்ட் மைஎஸ்கியூஎல்என்டி என்ற டிரைவர் இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், ஒரு காலத்தில் எல்லாச் சர்வரிலும் கிடைக்காது. பிஎச்பி 8.2 முதல் அந்த ஒரு டிரைவர் மட்டும்தான் என்பதால் இந்தக் கவலை தீர்ந்தது. பைண்ட்_ரிசல்ட் பயன்படுத்தினால் குவெரியில் நட்சத்திரக் குறி போடாமல் புலங்களை எழுதுங்கள். அட்டவணையில் ஒரு புலம் கூடினால் எண்ணிக்கை மாறிப் பிழை வரும்.

ஒரு விடையைப் பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே அதே இணைப்பில் இன்னொரு குவெரி ஓட்டினால், கட்டளைகள் வரிசை தப்பியதாக ஒரு பிழை வரும், எண் 2014. முதல் ஸ்டேட்மென்ட்டின் விடை இன்னும் இணைப்புக் குழாயில் நிற்கிறது என்று அர்த்தம். கெட்_ரிசல்ட் முழு விடையையும் பிஎச்பி பக்கம் கொண்டுவந்துவிடும் என்பதால் இந்தச் சிக்கல் வராது. பைண்ட்_ரிசல்ட் வழியில் எக்ஸிக்யூட்டுக்குப் பிறகு ஸ்டோர்_ரிசல்ட் அழைத்தால் அதே பலன். நம்_ரோஸ் பண்பு எப்போதும் பூஜ்யம் காட்டுகிறதே என்று குழம்புகிறவர்களுக்கும் பெரும்பாலும் மருந்து அந்த ஸ்டோர்_ரிசல்ட்தான்.

க்ளோஸ்

$கூற்று->க்ளோஸ்();

சர்வருக்கு "இந்த எண்ணை மறந்துவிடலாம்" என்று சொல்வது இது. சாதாரண வலைப்பக்கத்தில் எழுதாவிட்டாலும் பக்கம் முடிந்ததும் பிஎச்பி தானே மூடிவிடும். மணிக்கணக்கில் ஓடும் நிரல் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

பிடிஓ பயன்படுத்துகிறவர்களுக்கு

பிடிஓவில் இனிட் என்று தனிப் படி இல்லை. ப்ரிப்பேர் செய்து, எக்ஸிக்யூட்டுக்கு அர்ரே கொடுத்தால் வேலை முடிந்தது. கேள்விக்குறிக்குப் பதில், முக்காற்புள்ளியோடு பெயரும் வைக்கலாம். அந்தப் பெயரில் மட்டும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு வராது, தமிழ்ப் பெயர் வைத்தால் ஓடாது.

ஆனால் மைஎஸ்கியூஎல்லோடு சேரும்போது பிடிஓ இயல்பாக உண்மையான ப்ரிப்பேர் செய்வதில்லை, அதைப் போலச் செய்கிறது. மதிப்புகளுக்குத் தானே மேற்கோள் போட்டுக் குவெரியில் சேர்த்து, முழுக் குவெரியாகச் சர்வருக்கு அனுப்புகிறது. எம்யுலேட் ப்ரிப்பேர்ஸ் என்ற அமைப்பு இயல்பில் இயங்கும் நிலையில் இருப்பதுதான் காரணம். எழுத்துக் குறியீடு சரியாக இருந்தால் இதுவும் பாதுகாப்புதான். ஆனால் நாம் நம்பியிருக்கும் 'கட்டளை முதலில், மதிப்பு பிறகு' என்ற பிரிவு இதில் சர்வர் வரை போவதில்லை. ப்ரிப்பேரில் தெரிய வேண்டிய தொடரமைப்புப் பிழை எக்ஸிக்யூட்டில்தான் தெரியும். லிமிட் ? என்று எழுதி அர்ரேயில் 10 அனுப்பினால், அது மேற்கோளோடு லிமிட் '10' ஆகிப் பிழை கொடுக்கும்.

நான் பிடிஓ இணைப்பைத் திறக்கும்போதே இந்த அமைப்பை நிறுத்திவிடுகிறேன், எழுத்துக் குறியீட்டையும் இணைப்புச் சரத்திலேயே எழுதிவிடுகிறேன். நிறுத்திய பிறகு ஒரே பெயரை ஒரு குவெரியில் இரண்டு இடத்தில் பயன்படுத்த முடியாது, இரண்டு பெயர் வைக்க வேண்டும். அது சின்ன விலை.

பழைய நிரலை மாற்றும்போது

கோப்புகளில் குவெரி ஓட்டும் இடங்களைத் தேடி, குவெரிச் சரத்துக்குள் டாலர் குறி இருக்கும் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்நுழைவு, தேடல், பதிவு என்று வெளியாட்கள் தொடும் பக்கங்களை முதலில் எடுங்கள், அப்புறம் நிர்வாகப் பக்கங்கள். தரவுத்தளத்திலிருந்து வந்த மதிப்புதானே என்று எதையும் விட்டுவிட வேண்டாம். டி'சூசா இப்போது அட்டவணைக்குள் பத்திரமாக இருக்கிறார். ஆனால் அவர் பெயரை எடுத்து இன்னொரு குவெரியில் ஒட்டினால் அதே மேற்கோள் அங்கே உடைக்கும்.

பைண்ட் செய்யும் இடங்களில் ரியல்_எஸ்கேப்_ஸ்டிரிங், ஆட்ஸ்லாஷஸ் போன்ற பழைய ஃபங்ஷன்களை எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் அட்டவணையில் டி\'சூசா என்று பின்சாய்வுக் கோட்டோடு பதிவாகும். ஆனால் திரையில் காட்டும்போது எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வேண்டும், அதை எடுக்காதீர்கள். ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் காப்பது தரவுத்தளத்தை மட்டும், பிரவுசரை அல்ல.

ஒவ்வொரு பக்கத்தை மாற்றியதும் படிவத்தில் இவற்றை உள்ளிட்டுப் பாருங்கள்: நடுவில் மேற்கோள் உள்ள பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, ஒரு சதவீதக் குறி, ஒரு எமோஜி, பூஜ்யத்தில் தொடங்கும் எண், ஒன்றுமே எழுதாத வெற்றுக் கட்டம். சேமித்த பிறகு அதே பக்கத்தை மறுபடி திறங்கள். எழுதியது எழுத்துக்கு எழுத்து அப்படியே திரும்பி வந்தால் அடுத்த கோப்புக்குப் போகலாம்.